படத்தில் நம்மவர்கள் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவுக்குப் போகிறவர்களுக்குக் கேம்பல் லேன் தெரியாமல் இருக்காது. பூமாலைக் கடை, மளிகைக் கடை, வளையல் கடை எல்லாவற்றையும் தாண்டினால் கிளைவ் ஸ்திரீட் முனையில் நான்கு மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நிற்கும். அதுதான் இந்திய மரபுடைமை நிலையம். "ஹெரிட்டேஜ் சென்டர் வாசல்ல நிக்கிறேன், வந்துடு" என்று கைப்பேசியில் சொல்லிவிட்டு அங்கே காத்திருப்பவர்களை எப்போதும் பார்க்கலாம். நண்பர் வந்ததும் இருவரும் தோசை சாப்பிடப் போய்விடுவார்கள். உள்ளே போயிருக்கிறீர்களா என்று கேட்டால், "பிள்ளையோட ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்காக ஒரு தடவை போனோம்" என்று பதில் வரும்.

இந்த நகரில் அரும்பொருளகங்களுக்கும் கலைக்கூடங்களுக்கும் பஞ்சமில்லை. வட்டாரத்துக்கு ஒன்றாவது இருக்கிறது. 2013 முதல் தேசிய அரும்பொருளகங்களின் நிரந்தரக் காட்சிகளைப் பார்க்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் கிடையாது. ஆனாலும் ஊரிலிருந்து உறவினர் வந்தால் செந்தோசா, விலங்குத் தோட்டம், முஸ்தஃபா என்றுதான் நம் பட்டியல் போகிறது. சுற்றுப்பயணிகள் பார்க்கிற இடம், படித்தவர்கள் பார்க்கிற இடம், மொத்தத்தில் நமக்கானது இல்லை என்ற ஒரு கூச்சமும் இதில் உண்டு என்று நினைக்கிறேன்.

சில மாதங்களாக, நேரம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வட்டாரம் என்று வைத்துக்கொண்டு, தேக்காவில் தொடங்கித் தஞ்சோங் பகார் வரை இந்த இடங்களுக்குப் போய்வந்தோம். நான், உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள், முழங்கால் வலியோடு எழுபதைத் தாண்டிவிட்ட அம்மா. வரைபடத்தில் பார்த்தால் நேர்கோட்டில் நான்கைந்து கிலோமீட்டர்தான். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம், அதிலும் இரண்டே அறைகள் என்றால் கால் வலிக்காது, கண்ணும் சலிக்காது.

மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது 2015 மே மாதம். வட இந்தியாவின் படிக்கிணறுகளை மனத்தில் வைத்து அதன் முகப்பை அமைத்திருக்கிறார்கள். பகலில் கண்ணாடியில் எதிர்ச்சாரிக் கடைகள் தெரியும். இருட்டியதும் உள்விளக்கில் பின்னால் இருக்கும் சுவரோவியம் வெளியே தெரியத் தொடங்கும். உள்ளே நான் அதிக நேரம் நின்றது ஒரு செட்டிநாட்டு வாசற்கதவின் முன்னால். பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நிலையும் கதவும் மேற்கட்டுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 5,000 நுண்ணிய செதுக்கல்கள் இருக்கின்றன என்கிறார்கள். எண்ணிப் பார்க்க யாருக்கும் பொறுமை வராது. ஆனால் அந்தக் கதவு எந்தப் பணத்தில் செய்யப்பட்டிருக்கும் என்று யோசிக்கலாம். பர்மாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள் ஈட்டிய பொருள் காரைக்குடிப் பக்கத்து ஊர்களில் தேக்கு மரமாகவும் கண்ணாடியாகவும் போய் இறங்கியது. இங்கே அவர்கள் இருந்ததோ மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில். ஒரு பெட்டகம், ஒரு குட்டை மேசை, ஒரு பாய். அந்தக் கிட்டங்கிகள் இருந்த பகுதியில் இன்று வங்கிகளின் வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. ஊரில் மாளிகை, இங்கே பாய். அந்தக் கதவு ஊர்க் கதையை மட்டும்தான் சொல்கிறது.

நிலையத்திலிருந்து சற்று நடந்தால் பெலிலியோஸ் லேனில் ஒரு பெரிய சுவரோவியம் இருக்கிறது. பூக்கட்டுபவர், சலவைத் தொழிலாளி, கிளி ஜோசியர் என்று லிட்டில் இந்தியாவின் பழைய தொழில்களை வரைந்திருக்கிறார்கள். அனுமதிச் சீட்டு வேண்டாம், காலணியைப் பற்றிக் கவலை வேண்டாம். அம்மாவுக்கு அன்றைக்குப் பிடித்தது இதுதான். கிளி ஜோசியரைப் பார்த்து, "சிராங்கூன் ரோட்டுல இவர் மாதிரி ஒருத்தர் எனக்குச் சீட்டெடுத்துச் சொன்னாரு, ஒண்ணும் பலிக்கல" என்றார்.

திரும்பும்போது லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் வடகிழக்குப் பாதை நடைமேடைக்குப் போனால் கொஞ்சம் நின்று சுற்றிலும் பாருங்கள். 2003ல் அந்தப் பாதை திறக்கப்பட்டபோது ஒவ்வொரு நிலையத்திலும் கலைப் படைப்புகளைச் சேர்த்தே கட்டினார்கள். இந்த நிலையத்தின் படைப்பைச் செய்தவர் எஸ். சந்திரசேகரன். 1988ல் கோ ஈ சூ, சாலே ஜப்பார் ஆகிய இருவரோடு சேர்ந்து 'திரிமூர்த்தி' என்ற கண்காட்சியை நடத்தியவர். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என மூன்று இளைஞர்கள் தத்தம் மரபிலிருந்து புதிய கலையை உருவாக்க முயன்ற அந்தக் கண்காட்சி, சிங்கப்பூர்க் கலை வரலாற்றை எழுதுகிறவர்கள் விடாமல் குறிப்பிடும் ஒன்று. நாம் தினமும் அவர் படைப்பைக் கடந்து ரயிலுக்கு ஓடுகிறோம்.

அங்கிருந்து ஒரே நிறுத்தம் டோபி காட். இறங்கிச் சில நிமிடங்கள் நடந்தால் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் தேசிய அரும்பொருளகம். 1887ல் திறந்த கட்டடம் இது. அண்மைக் காலமாகப் பகுதி பகுதியாகச் சீரமைப்பு நடந்துவருவதால், கிளம்பும் முன் எந்தக் காட்சிக்கூடம் திறந்திருக்கிறது என்று இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கு வெளியே, செக்கச்செவேலென்று ஆளைவிடப் பெரிய வெண்கல மிளகாய் ஒன்று இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? 'பெடாஸ் பெடாஸ்', அதாவது காரம் காரம். கிள்ளானில் பிறந்து இங்கே குடியேறிய குமாரி நாகப்பனின் படைப்பு. ஆர்ச்சர்ட் சாலையில் அயன் கடைத்தொகுதிக்கு வெளியே நிற்கும் பெரிய ஜாதிக்காயும் அவர் செய்ததே. அந்தச் சாலை ஒரு காலத்தில் ஜாதிக்காய்த் தோட்டமாக இருந்தது என்பது அங்கே கைப்பையோடு நடப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

இந்த அரும்பொருளகத்தின் உடைமைகளில் சிங்கப்பூர்க் கல் என்று ஒன்று உண்டு. ஆற்று முகத்துவாரத்தில் மூன்று மீட்டர் உயரத்துக்கு எழுத்துகளோடு நின்ற பாறையை, 1843ல் இடைஞ்சலாக இருக்கிறது என்று ஆங்கிலேயர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய ஒரு துண்டுதான் நாம் பார்ப்பது. அதில் உள்ளதை இன்றுவரை யாரும் முழுமையாக வாசித்துவிடவில்லை. 2019ல் ஓர் ஆய்வாளர் அதில் 'கேசரிவ' என்ற எழுத்துத் தொடர் தெரிகிறது, இது பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டப்பெயரின் பகுதியாக இருக்கலாம் என்றார். உடனே 'சோழர் கல்வெட்டு சிங்கப்பூரில்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியது. அது ஒரு கருத்து. முடிந்த முடிவு இல்லை. உடைத்தபின் எஞ்சிய துண்டை வைத்து எதையும் அடித்துச் சொல்வது கடினம்.

கல்லைவிட என்னைக் கவர்ந்தது ஃபர்குவார் தொகுப்பு. சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்டாக இருந்த வில்லியம் ஃபர்குவார், 1819க்கும் 1823க்கும் இடையில் இந்த வட்டாரத்தின் செடிகளையும் விலங்குகளையும் வரைந்து வாங்கினார். 477 நீர்வண்ண ஓவியங்கள். வரைந்தவர்கள் சீன ஓவியர்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. தொகுப்புக்குப் பெயர், பணம் கொடுத்தவருடையது. இதை நான் மகளிடம் சொன்னபோது அவள், "அப்ப சைன் பண்ணலையா?" என்று கேட்டாள். கையெழுத்துப் போடும் வழக்கம் இல்லாதவர்கள், அல்லது போடச் சொல்லி யாரும் கேட்காதவர்கள். அன்றிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் கீழே உள்ள பெயர் அட்டையைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

பத்து நிமிட நடையில், ஆர்மீனியன் ஸ்திரீட்டில் இருக்கிறது பெரனாக்கன் அரும்பொருளகம். 1912ல் தாவ் நான் பள்ளிக்காகக் கட்டிய அழகான கட்டடம். சீரமைப்புக்குப் பிறகு 2023ல் மறுபடி திறந்தார்கள். பெரனாக்கன் என்றதும் சீனர்களின் மணிவேலைச் செருப்பும் பூப்போட்ட பீங்கானும்தான் நினைவுக்கு வரும். அங்கே மலாக்காச் செட்டிகளும் இருக்கிறார்கள். பல நூறு ஆண்டுகளுக்குமுன் மலாக்காவுக்கு வணிகம் செய்ய வந்த தமிழர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம். பெயர் தமிழ்ப் பெயர், சாமி நம் சாமி, பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது கெபாயா. "தமிழ் பேசாட்டி எப்படித் தமிழாளு?" என்று அம்மா கேட்டார். வீட்டில் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் பேத்தி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு நகர மண்டபப் பக்கம். தேசியக் கலைக்கூடம் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். 1929ல் முடிந்த நகர மண்டபம், 1939ல் முடிந்த பழைய உச்ச நீதிமன்றம் என்ற இரு கட்டடங்களை இணைத்து 2015 நவம்பரில் திறந்தார்கள். மொத்தப் பரப்பு 64,000 சதுர மீட்டர். தென்கிழக்காசிய ஓவியங்கள் நீதிமன்றப் பக்கத்திலும் சிங்கப்பூர் ஓவியங்கள் நகர மண்டபப் பக்கத்திலும் இருக்கும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் வழி தவறாது. பிள்ளைகளை அழைத்துப் போனால் முதலில் கைதிகளை அடைத்துவைத்த சிறு அறைகளைக் காட்டுங்கள். பிறகு அடிக்கல்லைக் காட்டுங்கள். அதன் அடியில் புதைத்த பேழையை 3000ஆம் ஆண்டில்தான் திறக்க வேண்டுமாம். என் மகள் கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்தாள். ஓவியம் பார்க்கும் மனநிலை இப்படித்தான் வரும்.

முன்படியில் நின்றால் எதிரே பாடாங் திடல். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் இந்தக் கட்டடத்தின் முன்னால்தான் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு, டெல்லியை நோக்கிச் செல்வோம் என்று முழங்கினார். ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த தமிழ் ஆண்களும் பெண்களும் அந்த ராணுவத்தில் ஏராளம். 1945 செப்டம்பர் 12ல் ஜப்பானியர் சரணடைந்து கையெழுத்திட்டது இதே கட்டடத்தில். 1959ல் லீ குவான் இயூ பிரதமராகப் பதவியேற்றதும் இங்கேதான்.

சுவா மியா டீ வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' அந்த 1959ல் பிறந்த ஓவியம். இங்குள்ள தொகுப்பில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் அதைத்தான் நான் சொல்வேன். வட்ட மேசையைச் சுற்றிச் சில இளைஞர்கள் உட்கார்ந்து மலாய் படிக்கிறார்கள். ஆசிரியர் நிற்கிறார். கரும்பலகையில் இரண்டு கேள்விகள்: உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்? சுயாட்சி பெற்ற ஆண்டில் ஒரு நாடு தன் மக்களிடம் கேட்ட கேள்விகளாகவே அவற்றைப் பார்க்கிறார்கள். கலைக்கூடம் திறந்தபோது சிங்கப்பூர்க் கலைக் கண்காட்சிக்குத் தலைப்பாக வைத்ததும் இதில் முதல் கேள்வியைத்தான். வேலை முடிந்து இரவு வகுப்பில் களைத்த கண்களோடு புது மொழியைக் கூட்டிக் கூட்டி வாசிக்கிற அனுபவம் நம் தாத்தா பாட்டிகளுக்கும் உண்டு. அம்மா அந்தக் கேள்விகளை உரக்கவே வாசித்துப் பதிலும் சொன்னார். மலாய் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. காவலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஆனால் அம்மா கேட்ட கேள்வி வேறு. இரண்டு மூன்று அறைகளைச் சுற்றியபின், ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, "இவ்வளவு படத்துல நம்ம ஆளுங்க எங்க?" என்றார்.

நியாயமான கேள்வி. பதிலாக நான் அவருக்குக் காட்ட விரும்பியது ஒரு சிறிய கறுப்பு வெள்ளை அச்சுப்படம். ஹைன்ரிக் லாய்ட்மான் என்ற ஜெர்மானியர் மரத்தில் செதுக்கிய அச்சு; கலைக்கூடம் தொடங்கிய காலத்தில் சிங்கப்பூர்க் கலையின் கதையை இதிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். காட்சிகளை அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால் நீங்கள் போகும் நாளில் அது சுவரில் இருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்திலும் எளிதில் கிடைக்கும். 1835ல் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன் காட்டுக்குள் சாலைக்காக நிலம் அளந்துகொண்டிருக்கிறார். புதரிலிருந்து ஒரு புலி பாய்ந்து அளவைக் கருவியின் மேல் விழுகிறது. கோல்மனைச் சுற்றி நாலாபுறமும் சிதறி விழுகிறார்களே, அவர்கள்தான் நம்மவர்கள். இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அன்று யாருக்கும் காயமில்லை, புலி கருவியை உடைத்ததோடு போய்விட்டது என்பது கதை.

1825 முதல் 1873 வரை இந்தியக் கைதிகளின் உழைப்பில் இந்த ஊரின் சாலைகளும் பாலங்களும் அரசுக் கட்டடங்களும் எழுந்தன. இஸ்தானாவைக் கட்டியதும் அவர்கள்தான். பிராஸ் பாசாவில் அவர்களுக்கான சிறை இருந்தது. கலைக்கூடத்துக்குப் பக்கவாட்டில் ஓடும் தெருவுக்குக் கோல்மன் பெயர் இருக்கிறது. கைதிகள் ஒருவர் பெயரிலும் தெரு இல்லை.

அம்மாவை மெல்ல நடத்திப் பக்கத்திலேயே இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனேன். அரும்பொருளகம் இல்லை, வழிபாட்டு இடம், எனவே அடக்கமாகப் போக வேண்டும். 1856ல் தொடங்கி 1861ல் முடித்த அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். உள்சுவர்ப் பூச்சுக்கு மெட்ராஸ் சுனாம் என்று பெயர். சுனாம் வேறொன்றுமில்லை, நம் சுண்ணாம்புதான். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் கலந்து அரைத்துப் பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்துப் பளபளக்க வைப்பார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களின் வழவழப்பைத் தொட்டவர்களுக்கு இந்தப் பக்குவம் புரியும். அம்மா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "முட்டைக்கு எத்தனை கோழி வளர்த்திருப்பாங்க" என்றார். எனக்கு அதுவரை தோன்றாத கேள்வி.

ஆற்றங்கரைக்கு இறங்கினால் எம்ப்ரஸ் பிளேசில் ஆசிய நாகரிக அரும்பொருளகம். எல்லாரும் முதலில் பார்ப்பது தாங் காலக் கப்பல் புதையலை. 1998ல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கருகே கடலடியில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல். 60,000க்கும் மேற்பட்ட சீனப் பீங்கான் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு மேற்கே போய்க்கொண்டிருந்தது. ஆணியே அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கப்பல் அது. கிண்ணங்களை அலை போல அடுக்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நிச்சயம் பிடிக்கும்.

நான் அங்கே போகும்போதெல்லாம் நினைப்பது அங்கே இப்போது இல்லாத ஒன்றைப் பற்றி. 2007ல் இந்த அரும்பொருளகம் 650,000 அமெரிக்க டாலருக்கு உமா பரமேஸ்வரியின் வெண்கலத் திருமேனி ஒன்றை வாங்கியது. சோழர் காலத்தது. விற்றது நியூயார்க்கில் சுபாஷ் கபூர் நடத்திய கலைப்பொருள் கடை. அவர் 2011ல் ஜெர்மனியில் கைதானபின் அவர் விற்றவை ஒவ்வொன்றாகக் கேள்விக்குள்ளாயின. இந்த உமாவும் அரியலூர் மாவட்டத்துச் சிவன் கோயில் ஒன்றிலிருந்து களவாடப்பட்டவர் என்ற முடிவுக்கு வந்தபின், 2015ல் சிங்கப்பூர் சிலையை இந்தியாவிடம் ஒப்படைத்தது. அதே மாவட்டத்தின் ஸ்ரீபுரந்தானில் திருட்டுப்போன நடராசரை அதற்கு முந்தைய ஆண்டில் ஆஸ்திரேலியா திருப்பிக் கொடுத்திருந்தது. இன்னொரு கோயில் சிலைத் திருட்டு வழக்கில் கபூருக்கு 2022ல் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

இதை மகளிடம் சொன்னபோது அவளுக்கு அது துப்பறியும் படம் மாதிரி இருந்தது. அம்மாவுக்கு வேறு கவலை. "எட்டு வருஷம் இங்கயிருந்தாளே, ஒரு பூ வச்சிருப்பாங்களா?" என்றார். கண்ணாடிப் பேழையில் ஈரப்பதம் அளந்து வைப்பார்கள், பூ வைக்க மாட்டார்கள். போய்ச் சேர்ந்த பிறகாவது பூ கிடைத்ததா என்றால் அதுவும் எளிதான பதில் இல்லை. மீட்கப்பட்ட சிலைகளில் பலவும் கருவறைக்குத் திரும்பாமல் தமிழ்நாட்டில் திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் பூட்டிக்கிடக்கின்றன; கோயிலுக்கு அனுப்பினால் மறுபடி திருடு போகுமோ என்ற பயம். சாமி அழகு என்று ஊர் ஊராக வந்து பார்ப்பது ஒரு பெருமை. கும்பிட்டவர்களின் சாமியை அவர்களிடம் கொடுப்பது நியாயம். எனக்கு இதில் தயக்கமில்லை, கொடுத்தது சரி. ஆனால் அந்த அழகை நேரில் பார்க்கும் வாய்ப்பு இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்குக் குறைந்துபோனதில் சிறு வருத்தம் உண்டு. இரண்டும் சேர்ந்தேதான் இருக்கிறது.

அருகில் உள்ள ராஃபிள்ஸ் பிளேசைத் தாண்டித் தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்கு நடந்தால், அது ஒரு காலத்தில் கடற்கரை என்று நம்புவது கடினம். கடலைத் தூர்ப்பதற்கு முன் படகு வந்து நின்ற இடம். உயிரோடு கரைசேர்ந்த நன்றிக்காக எல்லாரும் இங்கே ஒரு வழிபாட்டிடம் கட்டினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்காவைக் கட்டினார்கள். நாகூரில் அடங்கிய ஷாகுல் ஹமீது நாயகத்தின் நினைவாக எழுந்தது அது. 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. சிறிய இடம், அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். சற்றுத் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல். தொடக்கத்தில் குடிசையாக இருந்ததால் தமிழர்கள் அதைக் குச்சுப் பள்ளி என்றார்கள். இரண்டுக்கும் இடையில் ஹொக்கியன் சீனர்களின் தியான் ஹொக் கெங் ஆலயம். அந்த ஆலயத்தின் பின்சுவரில், அமாய் ஸ்திரீட் பக்கம், யிப் யூ சோங் 2017ல் வரைந்த 44 மீட்டர் நீள ஓவியம் இருக்கிறது. ஹொக்கியன் மக்கள் கப்பலேறி வந்து கூலி வேலை பார்த்து வேரூன்றிய கதை. கணக்காளராக இருந்து ஓவியரானவர் அவர். எந்தக் கணக்கும் விட்டுப்போகாமல் வரைகிறார். மூட்டை சுமப்பவரின் முதுகுவரை தெரிகிறது. தர்காவின் கதைக்கும் இப்படி ஒரு நீளச் சுவர் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குப் பட்டது.

கடைசியாகப் போனது தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க். பிராஸ் பாசாவில் பழைய பள்ளிக் கட்டடத்தில் இருந்த சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகம் சீரமைப்புக்காக மூடப்பட்டபின், 2022 ஜனவரியில் இந்தச் சரக்குக் கிடங்கில் இடம்பிடித்தது. முதல் தடவை போகிறவர்கள் தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று நினைப்பார்கள். லாரிகள், சரக்குத் தளம், ஆளுயர எழுத்தில் எண்கள். அதற்கு நடுவே காணொளி, ஒலி, கயிறு, பிளாஸ்டிக் என்று இக்காலக் கலை. குடும்பத்தோடு போனால் கருத்து வேறுபாடு நிச்சயம். இருட்டு அறையில் ஓடிய ஒரு காணொளிப் படைப்பின் முன்னால் மகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் எழுந்து வர மனமில்லை. புதிய கலையைப் பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, புரியவில்லை என்றாலும் ஐந்து நிமிடம் அங்கேயே இருப்பது. அதற்குள் ஒன்றும் நடக்கவில்லை என்றால் தயங்காமல் அடுத்த அறைக்குப் போகலாம். யாரும் தேர்வு வைக்கப்போவதில்லை.

அம்மா அந்த அறைக்குள் வரவேயில்லை. வெளியே துறைமுகம் தெரியும் பக்கமாக உட்கார்ந்துவிட்டார். நிறம் நிறமாக அடுக்கிய கொள்கலன்கள், பாரந்தூக்கிகள். துறைமுகம் கொஞ்சம் கொஞ்சமாகத் துவாசுக்கு இடம்பெயர்ந்துகொண்டிருக்கிறது. இன்னும் சில ஆண்டுகளில் இந்தக் காட்சி இருக்காது. அம்மாவின் பெரியண்ணன், என் பெரிய மாமா, இங்கே ஹார்பர் போர்டில் வேலை பார்த்தவர். மகள் படைப்பைப் பார்த்து முடித்து வந்து, "பாட்டி, நீங்க ஒண்ணுமே பாக்கலையே" என்றாள்.

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். அந்த மஞ்சக் கிரேன் இருக்கு பாரு, அதுக்கு இந்தாண்டதான் மாமா நிப்பாரு" என்றார். மகள் கைப்பையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க, காட்டுங்க."